நீலப் பூவின் வேர்

ஒன்பது வருஷமாக யர்மிலா அந்த நீலப் பூச்செடியை விதையிலிருந்து வளர்க்கப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தாள். ஆல்ப்ஸ் உச்சியில் பாறை இடுக்குகளில், கம்பளி ரோமத்தோடு உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்து கிடக்கிற செடி. குளிர்காலத்தில் ஈரம் பட்டால் அழுகிவிடும். கோடை வெயிலில் கருகிவிடும். செக் நாட்டு ப்ர்னோ நகரில் தன் வீட்டுக்குப் பின்னால் கற்பலகைகளைச் செங்குத்தாக நட்டு, இடுக்குகளில் மணலும் சரளையும் திணித்து, மற்ற மலைச்செடிகளை எல்லாம் பூக்க வைத்துவிட்டாள். இது மட்டும் நாலு இலை விட்டதும் செத்துப்போகும்.

அந்த மே மாதக் கண்காட்சிக்கு எங்கள் பாறைத்தோட்டச் சங்கத் தலைவர் ஓட்டகார் அதே செடியைக் கொண்டுவந்தார். தொட்டி கொள்ளாத நீலம். "விதையிலிருந்து வளர்த்தது, வயது ஆறு" என்று அவர் சொல்லச் சொல்ல அட்டையில் எழுதியவன் நான்தான், சங்கச் செயலாளர். முதல் பரிசு அதற்கே கிடைத்தது.

யர்மிலா அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு, உண்மையிலேயே கற்றுக்கொள்ளத்தான், "எப்படிங்க பண்ணீங்க?" என்று கேட்டாள்.

"பொறுமை வேணும்மா. உனக்கு அவசரக் கை. குடத்தைத் தூக்கிட்டுத் தண்ணி ஊத்திக்கிட்டே இருப்ப."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யர்மிலாவின் முகம் சிவந்தது. குனிந்து, செடியின் அடியிலிருந்த சரளையை விரலால் விலக்கிப் பார்த்தாள்; ஆறு வயதுச் செடிக்கு அடித்தண்டு மிகத் தடிமனாக இருந்தது.

"போன கோடையில மலைக்குப் போனீங்களே, வெறும் படம் மட்டும்தான் எடுத்தீங்களா?"

"என்ன பேச்சு இது?"

"வேரைக் காட்டுங்க."

"பரிசு வாங்குன செடிய யாராவது கவுப்பாங்களா? பொறாமை புடிச்சவளே, கைய எடு!"

அவள் எடுக்கவில்லை. தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினாள். சரளை கொட்டியது. தொட்டியிலேயே வளர்ந்த செடிக்கு வேர் வெள்ளை நூல்களாகச் சுவரைச் சுற்றியிருக்கும். இதில் சுண்டுவிரல் கனத்தில் ஒரே ஒரு பழுப்பு வேர், நுனியில் கத்தி வெட்டு.

"அம்பது வருஷம் பாறையில இருந்ததைப் பேத்துட்டு வந்து, எனக்குப் பொறுமை சொல்லிக் குடுக்கறீங்களா?" அவள் குரல் கூடத்தின் கடைசிவரை கேட்டது. "திருட்டுப் பய!"

ஓட்டகார் கத்தினார். நடுவர்கள் தரையைப் பார்த்தார்கள். யர்மிலா என் பக்கம் திரும்பினாள். "நீங்க இதை நம்பித்தான் எழுதினீங்களா?"

எழுதும்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. பரிசை ரத்து செய்தார்கள்; காட்சிச் செடியைப் பாழாக்கியதற்காக யர்மிலாவை ஒரு வருஷம் விலக்கி வைத்தார்கள். ஓட்டகார் தலைவராகவே நீடித்தார். இரண்டு பக்கமும் தப்பு, இதோடு முடித்துக்கொள்வோம் என்றார்கள். நான் அங்கேயே ராஜினாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு, விஷயத்தைச் சொல்ல யர்மிலா வீட்டுக்குப் போனேன்.

கற்பலகைகளுக்கு நடுவே மண்டியிட்டுக் களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அட்டையை எழுதறப்பவே பேனாவைக் கீழ வெச்சிருக்கணும் நீங்க."

"தெரியும்."

"செடி?"

"நேத்து செத்துடுச்சு."

களையை வேரோடு பிடுங்கி என் காலடியில் எறிந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை.