கைச்சூடு

“கை இன்னும் சூடாத்தான் இருக்குடா. டாக்டரை இன்னொரு தரம் வரச் சொல்லு” என்று அப்பா சொன்னபோது, மகன் கூடத்து நாற்காலிகளைச் சுவரோரம் நகர்த்திக்கொண்டிருந்தான். அம்மா போய் இரண்டு மணி நேரமாகிவிட்டது. டாக்டர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயாயிற்று. கட்டிலருகே உட்கார்ந்து அப்போது பிடித்த அம்மாவின் கையை அப்பா இன்னும் விடவில்லை.

சூட்டை அளப்பதுதான் மகனின் பிழைப்பு. கண்ணுக்கே தெரியாத துகள்களை ஓர் உயிரணுவுக்குள் செலுத்தி, லேசர் ஒளியைப் பாய்ச்சுவான். துகள்கள் பச்சையும் சிவப்புமாக மினுங்கும். எந்த நிறம் எவ்வளவு என்பதை வைத்து உள்ளே எத்தனை டிகிரி என்று சொல்லிவிடுவான். அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவில்லை. அணுவுக்குக் காய்ச்சல் பார்க்கிறவன் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்திருந்தாள். அந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. லேசரைக் கொஞ்சம் கூட்டினால் அதுவே உயிரணுவைச் சூடாக்கிவிடும். அளக்கப் போனவன் தன் சூட்டையே அளந்துகொண்டு திரும்புவான். ஒருமுறை அவன் அப்படி ஏமாந்தபோது ஆய்வுக்கூடமே சிரித்தது. அதிலிருந்து அந்தத் தப்பு எங்கே நடந்தாலும் அவனுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

“அது அம்மா சூடு இல்லப்பா. இவ்வளவு நேரம் பிடிச்சிட்டிருக்கீங்கல்ல, உங்க கைச்சூடு” என்றான். மாணவர்களைத் திருத்துகிற அதே குரல்.

அப்பா கையை விட்டுவிட்டார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, திருடிப் பிடிபட்டவர்போல இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். சமையலறை வாசலில் நின்ற அக்கா தம்பியைப் பார்த்தாள்.

“உன்கிட்ட யாருடா கேட்டாங்க?” என்றாள் மெதுவாக.

அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது. சொன்னது சரி என்பதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

அம்மாவைக் கொண்டுபோகிற வண்டி கிளம்பிவிட்டதாக அக்காவுக்குப் போன் வந்தது. அப்பா கட்டில் பக்கம் திரும்பவே இல்லை. தூக்கிக்கொண்டு போகும்வரை அவர் இப்படியே உட்கார்ந்திருப்பார், அம்மாவை இனித் தொடமாட்டார் என்று அவனுக்குத் தெரிந்தது.

நாற்காலிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கட்டிலருகே போனான். அம்மாவின் கை அதற்குள் ஆறிப்போயிருந்தது. எடுத்துத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டான். மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். அக்கா ஏன் என்று கேட்காமல் நிறுத்தினாள். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவன் எழுந்து போகவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “அப்பா, இங்க வந்து தொட்டுப் பாருங்க” என்றான்.

அப்பா வந்து தொட்டார்.

“உன் சூடா?”

“ஆமாப்பா.”

அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து, மேலே தன் கையையும் வைத்து, போர்வையை இழுத்து மூடினார்.