தையலுக்கு விட்ட அரை அங்குலம்

தையல்காரரின் வீடு ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிளம்பியது. வெயில் சுமார், காற்று கிடையாது, தெருவில் போக்குவரத்தும் அதிகமில்லை. இதற்கு யாரையாவது குறை சொல்லியே ஆக வேண்டுமென்றால் அவருடைய அளவு டேப்பைத்தான் சொல்ல வேண்டும்.

அவர் மனைவிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது, ஹார்ன் சத்தம் கேட்டாலே குமட்டும். நாற்பது மைல் தள்ளி, இரண்டு கால்களும் முடங்கிப் படுக்கையில் இருந்த ஒரே அக்காவைப் போய்ப் பார்க்கத்தான் ஒரு பழைய கார் வாங்கினார்கள். வாங்கிய வாரமே அது படுத்துக்கொண்டது. உதிரிபாகக் கடைக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார்: "பழசைக் கழட்டிக் கையோட கொண்டாங்கண்ணே, இல்ல மாடல் நம்பராவது சொல்லுங்க." தையல்காரருக்கு அது மானப் பிரச்சினை. ஆளை ஒருமுறை பார்த்தே சட்டை தைத்தவர் அவர். டேப்பால் அளந்து சீட்டில் எழுதிக்கொண்டு போவார். எழுதும்போது கை தானாகவே தையலுக்கென்று அரை அங்குலம் கூட்டிவிடும். எந்தக் கம்பெனியும் செய்யாத அந்த அளவை, கடைக்காரர் உள்ளே போய் ஐந்து நிமிடம் துழாவி எப்படியோ எடுத்து வருவார். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால் பொருந்தாது. விற்றதைத் திரும்ப வாங்கும் பழக்கம் அந்தக் கடையில் இல்லை.

ஆனால் அந்த வீட்டைக் கட்டும்போதும் அவர் கொத்தனார் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றிலும் அரை அங்குலம் விடச் சொல்லியிருந்தார். அதனால் காரில் சேராதது வீட்டில் சேர்ந்தது. விளக்குகள் இரண்டும் வாசற்கதவின் மேலிருந்த காற்றுத் துளைகளில் கச்சிதமாக உட்கார்ந்தன. வைப்பர் முன் ஜன்னலுக்குப் போனது, மழை வந்தால் தானே துடைத்தது. சமையலறைக் குழாயின் உடைந்த திருகு இருந்த இடத்தில் ஸ்டியரிங் மாட்டப்பட்டது. விசிறி பெல்ட் தையல் மெஷினுக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. ஒரு மழையில் வீட்டின் நான்கு மூலைகளும் இறங்கியபோது, முட்டுக் கொடுக்க நான்கு டயர்கள் தயாராகக் கிடந்தன. இப்படியே ஆறு வருடம் ஓடியது. கார் மட்டும் ஓடவில்லை.

மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வெடித்தார். "உங்க அரை இஞ்சைக் கொண்டுபோய் அடுப்புல போடுங்க! எங்கக்கா மூஞ்சியே எனக்கு மறந்துடும் போலிருக்கு." தையல்காரருக்கு உண்மையாகவே வலித்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா போனில் சொன்னாள்: "இனிமே அவசரமில்லடி. கண்ணு மங்கிக்கிட்டே வருது. அடுத்த மாசம் நீ வந்தாலும் எனக்கு நிழலாத்தான் தெரிவே." மனைவி போனை வைத்துவிட்டு, முகம் கழுவச் சமையலறைக்குப் போய் அழுதுகொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார். தையல்காரர் முன்னறையில் ஒரு காலர் தைத்துக்கொண்டிருந்தார், கால் பெடலில் இருந்தது. வீடு இடதுபக்கமாகத் திரும்பித் தெருவில் இறங்கியது.

"நிறுத்தாதீங்க, மிதிங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

அவர் மிதித்தார். மிதிக்கிற கால் மிதிக்கட்டும், கை எதற்குச் சும்மா இருக்க வேண்டும் என்று வழியில் மூன்று சட்டைகளை முடித்தார். மனைவிக்குக் குமட்டவே இல்லை, சொந்தச் சமையலறையில் நிற்பவருக்கு எப்படிக் குமட்டும்? ரயில்வே கேட்டில் இருபது நிமிடம் நின்றார்கள். கேட்கீப்பர் குடிக்கத் தண்ணீர் கேட்டார், ஜன்னல் வழியாகக் கொடுத்தார்கள். கார் பழைய இடத்திலேயே நின்றது, இப்போது அதில் கோழிகள் இருக்கின்றன.

மாலை நான்கு மணிக்கு, அக்கா வீட்டை ஒட்டிய காலி மனைக்குள் வீடு நுழைந்தது. ஜன்னலும் ஜன்னலும் நேருக்கு நேர் வந்தன. அக்கா படுத்தபடியே கையை நீட்டித் தங்கையின் முகத்தைத் தடவினாள், பிறகு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இளைச்சுட்டியேடி" என்றாள்.

தபால்காரர் மறுநாளே விலாசத்தைத் திருத்திக்கொண்டார். தையல்காரர் டேப்பை எடுத்து இரண்டு சுவர்களுக்கும் நடுவே அளந்து பார்த்தார். அரை அங்குலம் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார், அந்த ஒரு தடவை அவர் திட்டவில்லை.