சந்தனம் பூசாத தலை

ஜெனீவாவிலிருந்து வந்த கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ராஜவேலு இறந்துவிட்டதாக அவர் குடும்பமே ஏற்றுக்கொண்டது, மகன் தலையை மழித்துச் சடங்கு செய்துவிட்டான், ஆகவே வழக்கை முடித்துக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் தரப்பு அங்கே பதில் கொடுத்திருந்தது. கூடவே மொட்டைத் தலையோடு மகனின் போட்டோ. திருத்தணியில் வந்து மொட்டையைச் சாவுக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறார்களே, இந்த மலையில் தினமும் எத்தனை தலை மழிகிறது, அப்படியானால் ஊரே இழவு வீடா என்று வாய்விட்டுத் திட்டினேன். கேட்கத்தான் அறையில் ஆளில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் ஐ.நா. குழுவுக்கு இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் மனுவை எழுதி அனுப்புவது எங்கள் அமைப்பின் வேலை. அமைப்பு என்றால் ஒரு மாடி அறை, இரண்டு பீரோ, நான். ராஜவேலு ஏழு வருடத்துக்கு முன்னால் மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் கூலி வேலைக்குப் போய்த் திரும்பும்போது, சீருடை போட்டவர்கள் அவரைப் பேருந்திலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் மூன்று பேர். அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்கிறார்கள் அதிகாரிகள். நான் அவரை நேரில் கண்டதே கிடையாது. ஆனால் இடது தோளைச் சாய்த்து நடப்பார் என்று அவர் மனைவி சொல்லிச் சொல்லி, பஸ் ஸ்டாண்டில் யாராவது அப்படி நடந்தால் இன்றைக்கும் முன்னால் போய் முகத்தைப் பார்க்கிறேன்.

ஆறு மாதத்துக்குள் மறுப்பு எழுதாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். வேண்டுதலுக்காக அடித்த மொட்டை என்று ஒரு வரி போதும். எழுத உட்கார்ந்தபோதுதான் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலையில் சந்தனம் இல்லை. வேண்டுதலுக்கு முடி கொடுத்தவர் யாரும் சந்தனம் பூசாமல் மலையிறங்க மாட்டார்.

மகன் சூர்யபிரகாஷுக்கு இருபத்தாறு வயது. அம்மையார்குப்பத்தில் விசைத்தறி ஓட்டுகிறான். சாப்பாட்டு நேரத்தில் கொட்டகைக்கு வெளியே கூப்பிட்டுப் போட்டோவைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான்.

"அம்மாகிட்ட வேண்டுதல்னு சொன்னேன்கா. கருமாதிதான் பண்ணேன். ஆடி மாசம், நந்தி ஆத்துல எள்ளும் தண்ணியும் உட்டேன்."

"ஏம்ப்பா?"

"கரண்ட் போனா தறிங்க எல்லாம் ஒண்ணா நிக்கும் பாருங்க, அப்போ முதுகுக்குப் பின்னால நைனா இருமுவாரு. பட்டப்பகல்ல. அவரு இருமல் எனக்குத் தெரியாதா? மூணு வருசம் தாங்கிகினு இருந்தேன். அந்த எள்ளுத்தண்ணியோட நின்னுச்சி."

பேய் பிசாசை நான் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் உள்ளே மற்ற தறிகள் ஓடிக்கொண்டிருந்தது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது.

"வேண்டுதல்னே எழுதிடுங்கக்கா. அம்மாக்குத் தெரிஞ்சா உயிரோட இருக்காது."

பொய் எழுதலாம். அது வெளிப்பட்டால் பீரோவில் இருக்கும் மற்றக் கோப்புகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மையை எழுதினாலும் வழக்கு விழாது. பிணத்தைக் காட்டாதவர்கள், மகன் பயந்து செய்த சடங்கைக் காட்டித் தப்பிக்க முடியாது. சிக்கல் வேறு. மனுதாரருக்கு ஒவ்வொரு வரியையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் நாங்கள் கையெழுத்து வாங்குவோம். மனுதாரர் அவன் அம்மா ரஞ்சிதம்.

"உண்மையத்தான் எழுதப் போறேன். நான் வாசிக்கிறப்போ நீ பக்கத்துல இரு," என்றேன். அவன் உள்ளே போய்விட்டான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் ஆர்.கே.பேட்டை பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனபோது, அம்மாவுக்கு எதிரில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

நான் வாசிக்க, ரஞ்சிதம் வேர்க்கடலை உரித்துக்கொண்டே கேட்டாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. மகன் செய்த கருமாதி பற்றிய வரியை நிறுத்தாமல் வாசித்தேன். அவள் கை நின்றது.

"அதான் ஆடியிலேர்ந்து கூப்புடல," என்றாள்.

"யாரு?"

"இவன் நைனாதான். குழாயாண்ட தண்ணி புடிக்கிறப்போ ரஞ்சிதம்னு கூப்புடுவாரு. ஆங்னு சொல்லுவேன். ஏழு வருசமா. ஆடியில நின்னுபோச்சி. இத்தினி நாளு உயிரோட வெச்சிகினு இருந்து, இப்பத்தான் கொன்னுட்டாங்கனு நெனச்சேன். இவன்கிட்ட எப்டி சொல்றதுனு வாய மூடிகினு இருந்தேன்."

சூர்யபிரகாஷ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அவருக்குத் துக்கம் காத்து வந்திருக்கிறார்கள். நான் தாளைக் கீழே வைத்தேன். மேற்கொண்டு வாசிக்க முடியவில்லை.

"படி," என்றாள் ரஞ்சிதம்.

கடைசிக் கட்டம்தான் பாக்கி. குடும்பத்தின் கோரிக்கை. உயிருடன் ஒப்படைக்க வேண்டும் என்று, ஒவ்வொரு வருடமும் எழுதுவதையே அவளைக் கேட்காமல் எழுதி வைத்திருந்தேன்.

"அத அடிச்சிடு."

அடித்தேன். "என்னன்னு எழுதட்டும்மா?"

மகனின் தலையில் கை வைத்தாள். முடி ஒரு விரற்கடை வளர்ந்திருந்தது.

"இவன் எள்ளுத்தண்ணி உட்டுட்டான், அவரு இங்க வர முடியாது. ஒடம்பு எங்கியோ கெடக்குது, மேல் லோகத்துக்கும் போவ முடியாது. எங்க பொதைச்சீங்கனு எடத்த மட்டும் காட்டச் சொல்லு. யாரும் ஒண்ணும் தூக்கிகினு வர வேணாம். நானே போயி இட்டுகினு வரேன்."