முழங்கால் அளவு

தையற்காரியின் மகள் காய்ச்சலில் இறந்து ஓராண்டு ஆனபோது, அந்த மகள் செய்த நாற்காலி அரை அங்குலம் வளர்ந்திருந்தது. தையற்காரி இஞ்ச் டேப்பை வைத்து மூன்று முறை அளந்தாள். அளவு விஷயத்தில் அவளை இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

பள்ளியில் சனிக்கிழமை மதியம் நடந்த தச்சு வகுப்பில் செய்த நாற்காலி அது. பிள்ளைகளுக்குக் கைவேலையும் பொறுப்பும் வரட்டும் என்று ஆரம்பித்த வகுப்பு. சட்டம் இரண்டுதான். அவரவர் முழங்கால் உயரத்துக்கு அவரவர் நாற்காலி. எப்போது பழுதானாலும் செய்தவரே சரிசெய்ய வேண்டும். பதினாலு வயது மகள் தலையெல்லாம் மரத்தூளோடு வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தையற்காரி எரிந்து விழுவாள். "படிக்கிற பிள்ளைக்கு ரம்பம் எதுக்குடி?" நாற்காலி வீட்டுக்கு வந்த அன்றும் அதையேதான் கேட்டாள். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் மகள் இல்லை.

வகுப்பு நடத்திய ஆசிரியை வந்து பார்த்து, மரம் ஈரமாக இருந்திருக்கும் என்றார். மரம் உப்பினால் அகலத்தில்தான் உப்பும் என்பது அவருக்கே தெரியும். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமலே கிளம்பிவிட்டார்.

பதினைந்து, பதினாறு, பதினேழு என்று ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நாற்காலி அரை அங்குலம் வளர்ந்தது. ஒரு கால் மட்டும் வளரவில்லை. தையற்காரி அதன் அடியில் முதலில் வெட்டுத்துணியை மடித்து வைத்தாள், பிறகு மரக்கட்டை. ஒருநாளும் அதில் உட்காரவில்லை. வளராத அந்த ஒரு காலை நினைத்துத்தான் அதிகம் அழுதாள்.

மேல்படிப்புக்குக் கிளம்பும் முன் தன் நாற்காலியைச் சரிபார்க்கலாம் என்று கவிழ்த்துப் பார்த்த, மகளோடு அதே தச்சு வகுப்பில் இருந்த தோழி, பதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஆன்ட்டி, கால்ல எல்லாம் பென்சில்ல நம்பர் போடுவோம். அவ ஆறு, நான் ஒம்போது. மாட்டும்போது ஒண்ண தலைகீழா பாத்துட்டோம். அவ கால் ஒண்ணு எங்க வீட்டுல இருக்கு."

"வளருதா?"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். "நாற்காலி ஆடுதுன்னு அப்பா வருஷா வருஷம் அறுத்துட்டாரு."

"ஐயோ, என் பொண்ணு காலையா?" என்று தையற்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

செய்தவள் இல்லாததால் தோழியே சுத்தியலும் பசையும் கொண்டுவந்து காலை மாற்றிப் பொருத்தினாள். அறுபட்ட கால் ஒரே மாதத்தில் மற்ற மூன்றையும் எட்டிப் பிடித்தது. தையற்காரிக்குத் தலைகால் புரியவில்லை. அண்டை வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

பதினெட்டோடு எல்லாக் கால்களும் நின்றுவிட்டன. பத்தொன்பதாவது பிறந்தநாளில் டேப்பை வைத்தாள்; ஒரு நூல்கூட ஏறவில்லை. பெண்பிள்ளைகள் அந்த வயதுக்கு மேல் வளர்வதில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னது நியாயம்தான். இனி அளக்க ஒன்றுமில்லை என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்று முதன்முறையாக அதில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. மகள் தன்னைவிட உயரமாகிவிட்டாள்.

"நல்லா செஞ்சிருக்கடி" என்றாள்.

துணி தைக்கக் கொடுக்க வருபவர்கள், கால் தொங்க உட்கார்ந்திருக்கும் அவளிடம்தான் இப்போதெல்லாம் அளவு சொல்லிவிட்டுப் போகிறார்கள்.