ஜூலாவின் முதுகில் ஒரு கறுப்பு

பிளம் சாராயத்தில் நனைத்த துணியால் ஹெத்விகா முயலின் முதுகை அழுத்தித் தேய்த்தாள். கறுப்பு போகவில்லை. நடுவர் வர இன்னும் பத்தே நிமிடம்.

“பாதியை எனக்கு ஊத்தேன். முயலுக்குப் போதை ஏறிடப் போகுது,” என்றான் கணவன் வெந்தெலீன், கூண்டைப் பிடித்தபடி.

“வாயை மூடு!”

ஜூலா பஞ்சு வெள்ளை. மூக்கு, காது, பாதம், வால் மட்டும் மை தொட்டாற்போல் கறுப்பு. அந்த இனத்துக்கு அதுதான் அழகு. ஆனால் பனிக்காலம் முடிந்து பார்த்தால், நடு முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு! கலப்பு ரத்தம் என்று நடுவர் சொல்லிவிட்டால், மொராவிய முயல் சங்கத்தின் வம்சப் பதிவேட்டிலிருந்து ஜூலாவின் பெயர் போகும். அவள் குட்டிகளின் பெயரும் போகும். ஹெத்விகாவின் பதினோரு வருட உழைப்பு.

முயல் போட்டி மண்டபத்தில் ஹினெக் முதலில் பார்த்துவிட்டான். இன்னொரு போட்டியாளன், வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரன்.

“பக்கத்து வீட்டம்மா, ஜூலாவோட அம்மா ஒருநாள் எங்க வேலி தாண்டி வந்தா. எங்க ஆண் முயல் கறுப்பன் அன்னிக்கே சிரிச்சான்.”

“உன் கறுப்பனுக்கு அவ்வளவு தெம்பு இருந்தா, நீ ஏன் வருஷா வருஷம் மூணாவது பரிசோட திரும்பறே?”

நடுவர் ஓட்டகர் முயலைத் தூக்கி முகர்ந்தார்.

“சாயம் இல்லை. சாராயம். நல்ல சாராயம்.”

கூட்டம் சிரித்தது. ஹெத்விகா துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

அவர் ரோமத்தை ஊதிப் பிரித்தார்.

“கலப்பும் இல்லம்மா. கறுக்கிற குணம் இதுங்க உடம்பு முழுக்க இருக்கு. சூடான இடத்துல அந்தக் குணம் தூங்கும், குளிர்ந்த இடத்துல முழிச்சுக்கும். அதான் காதும் மூக்கும் கறுப்பு. பனியில யாரோ முதுகை மழிச்சிருக்காங்க. வெறும் தோல்ல குளிர் பட்டு, புது ரோமம் கறுப்பா முளைச்சிருக்கு. இந்தத் தடவை பரிசு கிடையாது. ஆனா பேர் பதிவேட்டுலயே இருக்கும். அடுத்த ரோமம் வெயில்ல வெள்ளையா வந்துடும்.”

ஹெத்விகாவுக்கு மூச்சு வந்தது. கூடவே கேள்வியும் வந்தது.

“யாரு மழிச்சது?”

ஹினெக் இரண்டு கைகளையும் தூக்கினான். “சத்தியமா நானில்லை!”

வெந்தெலீன் கூண்டின் தாழ்ப்பாளை ரொம்ப அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தான். காதுமடல் சிவந்திருந்தது.

“வெந்தா...”

“ஏப்ரல்ல ஆத்துல ட்ரவுட் மீன் பிடிச்சுட்டு வந்தேனே, என் ராணி. நீகூட வெண்ணெயில வறுத்து, ‘இந்த வருஷம் எப்படி இவ்வளவு கொழுத்த மீனா?’ன்னு கேட்டியே...”

“அதுக்கும் இதுக்கும் என்ன?”

“பனியில உக்காந்து தூண்டில் முள்ளுல பூச்சி மாதிரி கட்டறதுக்கு, ஜூலா முதுகு ரோமத்தை அடிச்சுக்க எதுவுமே இல்ல.”