இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் சத்தம்

தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் மூடியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பதினோரு வருடமாக, தகட்டை அழுத்தி மூடி வெட்டும் இரண்டாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றவள். வீடு திரும்பியதும் குக்கர் விசில் கேட்டால்கூட அவளுக்கு எரிச்சல் வரும்.

அந்த வீட்டின் பின்னறையில் அவளுடைய நாத்தனார் கணினி வைத்துக்கொண்டு விளம்பரங்களுக்கும் குறும்படங்களுக்கும் இசை போட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் அவ்வளவாக ஒட்டாது. இவள் முகத்தைச் சுளிப்பாள், அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கதவு திறந்திருந்தது. இரும்புச் சத்தங்கள் என்று விலைக்கு வாங்கிய தொகுப்பிலிருந்து ஒன்றை நாத்தனார் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"இது பிரஸ்ஸே இல்ல" என்றாள் மூடியக்கா, நிலைப்படியில் நின்றபடி. "அடிக்கிறதுக்கு முன்னாடி அது ஒரு மூச்சு விடும். இதுல மூச்சே இல்லயே."

நாத்தனார் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, அந்த மூச்சைப் பதிந்து கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். அண்ணி கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் நாத்தனார் கேட்ட முதல் உதவி அதுதான். உள்ளங்கையில் அடங்கும் ரெக்கார்டர் ஒன்றையும் கொடுத்தாள்.

முதல் வாரம் பதிந்தது அத்தனையும் வெறும் கரகரப்பு. மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தால் சத்தம் உடைந்துவிடும், பதிவு அளவைக் குறைத்து நாலடி தள்ளி வைக்க வேண்டும் என்று நாத்தனார் சொல்லிக்கொடுத்தாள். மின்விசிறிக் காற்று மைக்கில் படாமலிருக்கக் கணவனின் பழைய சாக்ஸ் ஒன்றை மாட்டினாள் மூடியக்கா. அதன் பிறகு பிடி கிடைத்தது. சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் கிடைக்கும். சங்கிலிக் கப்பி இறங்கும் சத்தம், அரம் இழுபடும் சத்தம், கழிவுத் தகடுகள் தொட்டியில் கொட்டும் சத்தம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. பதினோரு வருடம் தன்னைத் தின்ற இரைச்சலுக்குள் இத்தனை விதமான குரல் இருப்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

அங்கே வேலை செய்த வெல்டர் அண்ணன் உடன் நின்று உதவினார். ஒருநாள் மெஷின்கள் நின்றிருந்த இடைவேளையில் ஒரு மூடியைச் சிமெண்டுத் தரையில் சுழலவிட்டு, அது மெல்லிசாக அதிர்ந்து அடங்கும்வரை பதிந்தாள். எப்படி இருக்கிறது என்று கேட்டாள்.

"சுத்துறது தெரியுது" என்றார் வெல்டர் அண்ணன். "சத்தம் எங்க வந்துச்சு?"

அவர் விளையாடவில்லை. பக்கத்தில் நின்ற இன்னும் மூன்று பேரிடமும் சுழலவிட்டுக் காட்டினாள். இரண்டு பேருக்கு அது கேட்கவே இல்லை.

அன்று சாயங்காலம் நாத்தனாரிடம் இருந்த சத்தமளக்கும் கருவியை வாங்கிக்கொண்டாள். மறுநாள் வேலைக்கு நடுவே தன் காதுக்கு நேராக அதைப் பிடித்தாள். நூற்று நான்கு டெசிபல் காட்டியது. எண்பத்தைந்தைத் தாண்டினால் எல்லோருக்கும் காதுமூடி கொடுக்க வேண்டும் என்பது விதி. எண்பத்திரண்டுதான் வருகிறது என்று நிர்வாகம் வருடாவருடம் எழுதி ஒட்டியிருந்தது. அந்த எண்ணை அவர்கள் அலுவலக வாசலில் நின்று அளந்திருக்க வேண்டும். அதன் பிறகு எந்தச் சத்தத்தைப் பதிந்தாலும் பக்கத்தில் அதன் அளவையும் குறித்துவைத்தாள்.

நாத்தனாரின் பாட்டு வெளிவந்தது. முழுக்க இரும்பு. தாளத்துக்கு இரண்டாம் நம்பர் பிரஸ், அந்த மூச்சோடு. தொழிற்சாலையில் யாரோ போனில் ஓடவிட, சத்தம் எதுவென்று எல்லோருக்கும் தெரிந்துபோனது. இரண்டே நாளில் மேலாளர் கூப்பிட்டுவிட்டார்.

மேசைமேல் தட்டச்சு செய்த ஒரு தாள் தயாராக இருந்தது. வளாகத்துக்குள் எழும் ஒலிகள் யாவும் நிறுவனத்தின் சொத்து, பதிவுகளை ஒப்படைத்து அழித்துவிடுகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. படித்துப் பார்த்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி அதை மடித்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் கணவன், எதற்கு வம்பு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு என்றான். நாத்தனார் பாட்டையே இணையத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எடுத்தா நான் உன்கூடப் பேசமாட்டேன்" என்றாள் மூடியக்கா. "உக்காரு. ஒரு லிஸ்ட் அடிக்கணும்."

மறுநாள் மேலாளர் முன்னால் தன் தாளையும் வைத்தாள். இருபத்தேழு சத்தங்கள், ஒவ்வொன்றும் எந்த மெஷின், எந்த இடம். மூன்றாவது கட்டத்தில் அளவு.

"இதெல்லாம் கம்பெனியோட சத்தம்னு நீங்க ஒரு கையெழுத்துப் போடுங்க சார். நானும் போட்டுடுறேன்."

மேலாளரின் விரல் மூன்றாவது கட்டத்தில் நின்றுவிட்டது. இந்த எண்கள் எதற்கு என்று கேட்டார்.

"சொத்துன்னா அளவு எழுதாம எப்படி சார்?"

இங்கே எண்பத்திரண்டுக்கு மேல் கிடையாது, எல்லாம் பதிவேட்டில் இருக்கிறது என்றார் அவர்.

"அப்ப இந்த நூத்தி நாலு உங்களோடது இல்ல. என்னோடது. நான் வச்சுக்கிறேன்."

மேலாளர் இரண்டு தாளையும் இழுப்பறைக்குள் தள்ளும்வரை அவள் நகரவில்லை.

மூன்றாம் நாள் அவளைப் பாக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள். பட்டியலின் நகல் ஒன்றை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டுத்தான் போனாள். சாயங்காலத்துக்குள் கிழித்துவிட்டார்கள். மறுபடி ஒட்டினாள். அதுவும் போனது. மூன்றாவது முறை வெல்டர் அண்ணன் ஒட்டினார். நாலாவது முறை, அவளுடன் ஒருநாளும் பேசியிராத தகடு வெட்டும் மெஷின்காரர் ஒட்டினார். அது கிழியவில்லை. அதன் இன்னொரு நகலின் கீழே பதினாறு பேர் கையெழுத்திட, அதுவே மனுவாகத் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனது.

தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். கருவியை அலுவலக வாசலில் வைக்கப்போனவரைப் பதினாறு பேரும் சேர்ந்து பிரஸ் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு மாதத்தில் எல்லோருக்கும் காதுமூடி வந்தது, காதுப் பரிசோதனையும் நடந்தது. வெல்டர் அண்ணனின் காது திரும்பி வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தச் சீட்டை வைத்து அவர் நஷ்டஈடு கேட்டிருக்கிறார். வழக்கு இன்னும் நடக்கிறது.

மூடியக்காவைத் திரும்பப் பிரஸ்ஸுக்குக் கூப்பிடவில்லை. பாக்கிங் பிரிவுச் சுவரில் மட்டும், ஒலிப்பதிவு செய்யக் கூடாது என்று புதுப் பலகை மாட்டினார்கள். எந்த விதியின்படி என்று அவள் எழுத்தில் கேட்டாள். பதில் வரவில்லை. அதற்குப் பிறகு அவள் ரெக்கார்டரைப் பைக்குள் வைத்து எடுத்துப் போவதில்லை. கயிற்றில் கோத்து, எல்லோரும் பார்க்கும்படி கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறாள்.