மங்கம்மாவின் பன்னிரண்டு பாட்டில்

"எல்லாருக்கும் நார்மல்!" என்று காரிலிருந்து இறங்கும்போதே நிவேதா சொன்னாள். மருத்துவம் முடித்துவிட்டு நோய்ப்பரவலியல் மேற்படிப்பு படிப்பவள். மாசியில் மரக்காணம் உப்பளத்துப் பெண்கள் பன்னிரண்டு பேருக்கும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாட்டில் கொடுத்து, வேலை நடுவே, உச்சிவெயிலில் சிறுநீர் பிடித்துத் தரச் சொல்லியிருந்தாள். அந்த ஆய்வுக்குத்தான் பாங்காக்கில் நடந்த சர்வதேச மாநாட்டில் பரிசு. அங்கே கொடுத்த துணிப்பைகளை இப்போது எல்லோருக்கும் நீட்டினாள்.

உப்பள முதலாளி தட்சணாமூர்த்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "கிட்னி கெட்டிருக்குதுன்னு வந்துச்சுன்னா பாத்தியாண்ட கக்கூஸ் கட்டித் தர்றேன்னு டாக்டரம்மா முன்னாடி வாக்கு குடுத்தேன். கெடல. அப்புறம் எதுக்கு கக்கூசு?"

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தியான ஆரோக்கியசெல்வி பையை வாங்கவில்லை. பின்னால், உப்புக் குவியலின் நிழலில், அவள் தங்கை சகாயமேரி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். இந்தக் கோடையில் குளிர்காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது. கண்ணுக்கெட்டிய வரை ஒதுங்க ஒரு செடி மறைவு இல்லாத தட்டை நிலம். சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து பார்த்தால் பாத்தியில் கொக்கு நிற்பதுகூடத் தெரியும். அதனாலேயே வீட்டை விட்டுக் கிளம்பினால் பொழுது சாயும்வரை ஒருத்தியும் தண்ணீர் குடிப்பதில்லை.

"மேடம், அது எங்க ஒண்ணுக்கு இல்ல," என்றாள் செல்வி.

"என்னது?"

"டீக்கட மங்கம்மாவோடது. பன்னெண்டு பாட்டிலும். மோரா ஊத்தி ஊத்திக் குடிக்க வச்சோம், பாவம்."

யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டாள். நிவேதாவின் முகம் வெளுத்தது. "ஏங்க இப்படிப் பண்ணீங்க? என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"பாட்டில் குடுத்தீங்களே, எங்க போயி குந்துவீங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? மேஸ்திரி நிக்கிறாரு, டிரைவர் நிக்கிறாரு, நீங்க கூட்டியாந்த வெள்ளக்காரரு போட்டோ புடிச்சிகினு நிக்கிறாரு. வெறும் பாட்டிலக் குடுத்தா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் அப்படி செஞ்சோம். அவ்ளோ முட்டாளுங்க நாங்க."

நிவேதாவின் குரல் தாழ்ந்தது. "அடுத்த மாசம் ஜெனீவால இதைத்தான் பேசப்போறேன். வெளில சொல்லிடாதீங்க, ப்ளீஸ். அடுத்த தடவை சரியா எடுத்துக்கலாம்."

"அடுத்த தடவ வரிக்கும் இவ தாங்குவாளா?"

"ஏய் செல்வி," என்றார் முதலாளி. "கக்கூசுக்காகக் கத கட்டாத."

"கத கட்டுறனா?" உப்பு வாரும் பலகையை வீசியெறிந்தாள். "மேடம், கார்ல காலி பாட்டில் இருக்குதில்ல? குடுங்க. எழுந்திரு மேரி. வாங்கடி எல்லாரும்!"

மற்றப் பெண்கள் முந்தானைகளை விரித்துப் பிடித்து பாட்டிலோடு குந்திய சகாயமேரியைச் சுற்றி வட்டமாக நின்றார்கள். முதுகு உள்ளே, முகம் வெளியே. "வெக்கங்கெட்டவளுங்க" என்றார் தட்சணாமூர்த்தி. ஒருத்தியும் தலை குனியவில்லை. அவர்தான் திரும்பிக்கொண்டார். சாலையில் ஒரு பஸ் வேகம் குறைத்தது.

உள்ளே சகாயமேரி பல்லைக் கடித்து முனகுவது கேட்டது. நீண்ட நேரம். பிறகு சேலைகளுக்கு நடுவிலிருந்து பாட்டிலைப் பிடித்த கை ஒன்று வெளியே வந்தது. பாட்டிலின் அடியில் விரற்கடை அளவுக்கு, கடுங்காப்பி நிறத்தில்.

நிவேதா கையை நீட்டவில்லை. வெயிலில் அந்தக் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.